கேண்டர்: ஒரு சொல் இழந்த பொருள்



நம் ஆலயத்தில் நடைபெறும் திருமணங்களுக்கு இப்போதெல்லாம் புகைப்படக்காரர் இருவர் வருகின்றனர். ஒருவர் மணமக்களை நிறுத்திவைத்துப் படமெடுப்பார். மற்றவர் ‘கேண்டிட்’ புகைப்படக்காரர். தூணின் மறைவில் நின்று, கண் துடைக்கும் தாயையும் கொட்டாவி விடும் சிறுவனையும் அவர்கள் அறியாத நொடியில் பதிவு செய்பவர். பாவனையற்றது, உள்ளது உள்ளபடியானது என்பதே இச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள். அதன் பெயர்ச்சொல்லாகிய ‘கேண்டர்’ என்பதும் ஒளிவுமறைவின்றிப் பேசும் பண்பையே இன்று குறிக்கிறது. ஆனால் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயரை நீங்கள் இச்சொல்லால் புகழ்ந்திருந்தால், அவர் பெரும்பாலும் வேறொன்றைப் புரிந்துகொண்டிருப்பார். அந்த வேறொன்றைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கு அதன் பொருள் ஒளிரும் வெண்மை. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் ‘கேண்டில்’ இதற்கு உறவுச்சொல். ரோமக் குடியரசில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் தங்கள் மேலங்கியைச் சுண்ணத்தால் தேய்த்துப் பளிச்சிடும் வெண்மையாக்கிக்கொண்டு, பொது மன்றத்தில் நடமாடி வாக்குக் கேட்டார்கள். வெண்ணிற ஆடையர் என்னும் அந்தப் பெயரே இன்றைய ‘கேண்டிடேட்’ ஆயிற்று. வாக்குச் சேகரிப்பதற்காக ஆடைக்கு வெண்மை ஏற்றுவதைத் தடுக்க கி.மு. 432-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சட்டத்தால் வழக்கம் ஒழியவில்லை. கி.மு. 64-இல் சிசரோ தம்மை எதிர்த்துப் போட்டியிட்டவர்களைத் தாக்கி ஆற்றிய உரை, அந்த வெள்ளை அங்கியின் பெயராலேயே அறியப்படுகிறது. வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை அறிந்த உங்களுக்கு, பூசிய வெண்மையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

நம் மொழியிலும் வெண்மை மனத்தைக் குறித்து வருகிறது. கபடமற்றவரை ‘வெள்ளை மனம்’ உடையவர் என்கிறோம்; ‘வெள்ளந்தி’ என்றும் சொல்கிறோம். ஆயினும் ‘வெள்ளந்தி’ என்னும்போது பாராட்டோடு சிறிது பரிதாபமும் கலந்துவிடுகிறது. திருக்குறளோ ‘வெண்மை’ என்பதை அறிவின்மை என்ற பொருளிலேயே ஆள்கிறது. ஆங்கிலச் சொல் அந்த வழியில் செல்லவில்லை. நிறத்தின் வெண்மை மனத்தின் தூய்மையாயிற்று; மனத்தின் தூய்மை, பிறரை நோக்கும் பார்வையின் தூய்மையாயிற்று.

1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதியைத் திறந்தால், கேண்டர் என்பதற்கு அவர் முதலில் தரும் பொருள் இனிய சுபாவம். மனத்தூய்மை, திறந்த உள்ளம், தயவு என்பனவும் உடன் வருகின்றன. அக்காலத்து எழுத்தாளர்கள் தங்கள் முன்னுரைகளில் ‘கேண்டிட்’ வாசகரை விளித்து வேண்டிக்கொண்டது, குறைகளைப் போட்டு உடைக்கும்படி அல்ல. குறைகளைப் பொறுத்து, நல்லெண்ணத்தோடு வாசிக்கும்படியே. ஒருவர் செயலுக்கு நல்ல விளக்கம் ஒன்றும் தீய விளக்கம் ஒன்றும் சமமாகப் பொருந்துமானால், நல்லதைத் தெரிந்துகொள்ளும் மனமே கேண்டர். 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் காட்டும் அன்பிற்கு இது மிக அருகில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்குப் புறம்பே நின்ற போதகர்கள் பலர் அந்நூற்றாண்டில் இச்சொல்லைத் தங்கள் கொடியாகவே உயர்த்தினர். உபதேசத்தில் வேறுபடுகிறவனின் நோக்கத்தைச் சந்தேகியாமல், அவன் வாதத்தை மட்டும் எடைபோடுங்கள் என்று அவர்கள் கேட்டனர். வேதியியலில் பெயர்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி அவர்களுள் ஒருவர். அவருடைய உபதேசம் நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் 1791 ஜூலையில் பர்மிங்காம் நகரில் எழுந்த கலவரக் கூட்டம் அவர் வாதத்தை எடைபோடவில்லை. அவர் ஊழியம் செய்த ஆலயத்தை எரித்தது, வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. மூன்று ஆண்டுகளில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பிரெஞ்சுப் புரட்சியின் அச்சம் பரவிய அந்நாட்களில் நல்லெண்ணமே குற்றம்போலத் தோன்றத் தொடங்கியது. பின்னாளில் பிரதமரான ஜார்ஜ் கேனிங், 1798-இல் எழுதிய ஏளனக் கவிதையில் கேண்டரையே கேலிப்பொருளாக்கினார். இரு பக்கத்திலும் நியாயம் காண்கிற ‘கேண்டிட்’ நண்பனைவிட நேருக்கு நேர் நிற்கும் பகைவனே மேல் என்பது அவர் கட்சி. இன்று அந்த ‘கேண்டிட் நண்பன்’ என்ற தொடர், முகத்துக்கு நேரே கசப்பைச் சொல்லும் நண்பனைக் குறிப்பதாகவே வாசிக்கப்படுகிறது. சொல் தலைகீழானது இந்த ஒரு தொடரிலேயே தெரிகிறதல்லவா?

பழைய பொருள் உடனே மறைந்துவிடவில்லை. 1813-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ புதினத்தில், மூத்த சகோதரி ஜேன் யாரிடத்திலும் நன்மையையே காண்பவள். தங்கை எலிசபெத் அந்தக் குணத்தையே கேண்டர் என்ற சொல்லால் குறிக்கிறாள். இன்றைய மாணவர் பலர் அவ்விடத்தில் தடுமாறுவர்; ஜேன் ஒருபோதும் பட்டென்று பேசியவள் அல்லவே! 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைகாட்டிய ‘வெளிப்படைப் பேச்சு’ என்ற பொருள், 19-ஆம் நூற்றாண்டில் பழைய பொருளை முற்றிலும் விழுங்கிவிட்டது. பிறரைக் குறித்து நான் எப்படி நினைக்கிறேன் என்பதற்குரிய சொல், பிறரிடம் நான் எப்படிப் பேசுகிறேன் என்பதற்குரியதாயிற்று.

வெளிப்படையான பேச்சை நான் இகழவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் பேசிய தைரியத்திற்குக் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல்லே, எதையும் மறைக்காமல் பேசுதல் என்ற பொருளுடையது. ஆனால் அவர்கள் யார் முன்னே பேசினார்கள் என்று கவனியுங்கள். தங்களைச் சிறைப்படுத்திய அதிகாரிகளின் முன்னே. நானோ என் வெளிப்படையை வேறிடத்தில் காட்டியிருக்கிறேன்.

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூர்ச் சபையில், அறுப்பின் பண்டிகைக் கணக்கு மூன்று வாரம் தாமதமாயிற்று. கமிட்டிக் கூட்டத்தில், வயதில் என் தகப்பனாரை ஒத்த பொருளாளரைப் பார்த்து, “ஐயா, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், இது பொறுப்பின்மை” என்றேன். தாமதம் உண்மை, ஆகையால் நான் சொன்னது நேர்மை என்றே நினைத்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் கணக்கு நோட்டு வந்தது. ஒரு ரூபாயும் பிசகவில்லை. ஏலத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்ட இயலாதிருந்த சில குடும்பங்களின் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாதென்று, மாலைதோறும் அவர் வீடு வீடாக நடந்து சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அவரல்லர்; அக்குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாயார், பல மாதங்களுக்குப் பின், அவருடைய அடக்க ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் சொன்னார்.