கப்பலும் ரயிலும் சுமந்த நிருபங்கள்

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தைக் கொண்டுசென்றவராகக் கருதப்படும் பெபேயாளைத் திருச்சபை மறக்கவில்லை. நம் நாட்டுச் சபைச் சரித்திரத்திலோ, கடிதங்கள் சென்ற வழியை நாம் பெரிதும் ஆராய்வதில்லை.

பள்ளத்தூரை எடுத்துக்கொள்வோம். இவ்வட்டாரத்து நகரத்தார் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்றனர். அங்கே தவணை முறையில் பணியாற்றிய ஏஜெண்டுகளின் ஐந்தொகையும் குடும்பச் செய்தியும் தபாலையே நம்பியிருந்தன. பர்மா, மலாயாத் தபாலுக்குத் துறைகள் வேறு. இலங்கைத் தபாலோ, 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபின் அங்கே நீராவிக்கப்பல் ஏறிற்று. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் கடல்வழி மிகவும் குறுகிற்று. தனுஷ்கோடித் துறையில் ரயில் வந்து நிற்கும். மூட்டைகள் கப்பலுக்கு மாறும். ஏறத்தாழ 20 மைலுக்கு அப்பால் தலைமன்னாரில் கொழும்பு வண்டி காத்திருக்கும். ஒன்று தாமதித்தால் மற்றவையும் தாமதிக்கும். ‘போட் மெயில்’ என்ற பெயர் இவ்விணைப்பினால் வந்ததே. 1930 வாக்கில் காரைக்குடிக்கு ரயில் வரும்வரை, செட்டிநாட்டுக் கடிதம் சாலைவழியே சென்றுதான் வண்டியைப் பிடிக்கவேண்டியிருந்தது. தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது.

இதே வழியில்தான் தோட்டத் தொழிலாளரும் சென்றனர். அவர்களிடையே 1854 முதல் தமிழ்க் கூலி மிஷன் (பெயரே அக்காலத்தின் பார்வையைக் காட்டிவிடுகிறது) ஊழியம் செய்துவந்தது. தொற்றுநோய்ச் சோதனைக்கென மண்டபம் முகாமில் தொழிலாளர் நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். முத்திரையிட்ட தபால் மூட்டையோ நில்லாமல் அவர்களைக் கடந்து சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். மிஷனெரிமாரின் கடிதங்களையே ஆதாரமாகக் கொண்டு சரித்திரம் எழுதும் நாம், அம்மூட்டையில் இடம்பெறாத இம்மக்களைத் தோட்டச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் கல்லறைப் பதிவேடுகளிலுமே தேடவேண்டியிருக்கிறது.