பெட்டியில் எழுதிய வாட்ஸும் காதில் விழும் பேச்சும்

கடந்த நோன்புக்கு முதல் எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஹோம் தியேட்டர் செட் வந்தது. கட்டாரில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய காசில் உம்மம்மாவுக்காக வாங்கியது. பெட்டியில் பெரிய எழுத்தில் "5000 வாட்ஸ் பீ.எம்.பி.ஓ." என்று போட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், நாங்களும் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

உம்மம்மா இரண்டு நாள் முஸ்லிம் சேவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தம் பெரிசாத்தான் இரிக்கி மகன், பேச்சுத்தான் வெளங்குதில்ல."

அதே உம்மம்மா மூத்தாப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் எல்லாம் கேட்டவர். வயதாகிவிட்டது, காது மந்தம் என்று முதலில் நினைத்தோம். பிறகு நாங்களே கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தோம். எங்களுக்கும் விளங்கவில்லை. ஏன் என்று தேடிப்போனபோது ஒரு நூறு வருடக் கதை கிடைத்தது. புது செட் எடுக்க யோசிக்கும் உறவுகளுக்கு உதவும் என்று எழுதுகிறோம்.

நம் நாட்டில் வானொலி முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். தொடக்கி வைத்தவர் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை இந்தியா முழுவதும் கேட்டார்கள். அந்தக் காலத்து வால்வு ரேடியோ ஒன்றின் வலு எவ்வளவு தெரியுமா? பெரும்பாலானவற்றுக்கு மூன்று, நான்கு வாட்ஸ்தான். ஆனால் மரப்பெட்டி, அகலமான காகிதக் கூம்பு ஸ்பீக்கர். மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதியை அது தெளிவாகக் கொடுத்தது. ஒரு வீட்டு ரேடியோவை அயல் வீட்டார் எல்லாம் முற்றத்தில் இருந்து கேட்டது அந்த மூன்று, நான்கு வாட்ஸில்தான்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். வாட்ஸ் கதை அங்குதான் சிக்கலாகிறது. நல்ல ஒலி வேண்டியவர்கள் முதலில் அலைவரிசை பிடிக்கும் டியூனரை வேறாகவும், சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிபயரை வேறாகவும் வாங்கினார்கள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்ததுதான் ரிசீவர். 1961இல் அங்கே எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியதும் வீடுகளில் ரிசீவர் பெருகியது. டிரான்சிஸ்டர் வந்து பெட்டி மலிந்தது. கம்பனிகளுக்குள் போட்டி வந்தது. ஒருவர் 50 வாட்ஸ் என்றால் மற்றவர் 100 என்றார். ஒரு கண நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சத்தைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் கூட்டிச் சொன்னார்கள். எந்த இலக்கத்தையும் எந்த இலக்கத்தோடும் ஒப்பிட முடியாத நிலை.

1974இல் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஒரு விதி கொண்டுவந்தது. வாட்ஸ் என்று விளம்பரம் செய்தால் நான்கு விடயம் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த அதிர்வெண்ணில் இருந்து எது வரை, எத்தனை வீதம் ஒலி சிதைவோடு.

விதி வந்ததும் பெரிய ரிசீவர்கள் ஒழியவில்லை. இலக்கம் காட்ட வேண்டுமென்றால் உண்மையாகவே செய்துகாட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. 1976இல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ். 1250 ஒரு பக்கத்துக்கு 160 வாட்ஸ், 8 ஓமில், 20 ஹெர்ட்ஸில் இருந்து 20,000 வரை, 0.1 வீத சிதைவோடு கொடுத்தது. எடை ஏறத்தாழ 30 கிலோ. இன்றும் பழைய ஒலிப் பிரியர்கள் அந்தக் காலத்து ரிசீவர்களைத் தேடி அலைவதற்கு இதுவே காரணம்.

ஆனால் அது அமெரிக்காவின் விதி. நம் கடைகளுக்கு அது வரவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதோடு வெளிநாட்டுப் பொருட்களும் வளைகுடா உழைப்பும் வந்தன. ஊருக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கெசட் செட். சவூதியின் பல இடங்களில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட். அங்கிருந்து கொண்டுவந்ததை, பின்பக்க சுவிட்சை மாற்றாமல் இங்கே 230இல் குத்தி எரித்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பின்னால் வந்ததுதான் இந்த பீ.எம்.பி.ஓ. அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. செய்பவர் விரும்பிய இலக்கத்தைப் போடலாம்.

எங்கள் செட்டைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத் தகட்டில், அது எடுக்கும் மின்வலு 60 வாட்ஸ். சக்திக் காப்பு விதியைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாங்களே, 60 எடுக்கும் பெட்டி 5000 தொடர்ந்து கொடுக்கும் என்று நம்பிக் காசு கொடுத்திருக்கிறோம்! அந்த 60இலும் பெரும்பங்கு அடிச்சத்தத்துக்குப் போய், சொற்களின் மெய்யெழுத்துகள் எல்லாம் அதற்குள் அமிழ்ந்துவிட்டன.

ஆகவே வாங்கப் போகும்போது:

ஒன்று, முன்பக்க ஸ்டிக்கரை விட்டுவிட்டுப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். 5, 7 ஸ்பீக்கர் செட் என்றால், எத்தனை ஸ்பீக்கர் ஒன்றாக இயங்கும்போது அந்த வாட்ஸ் என்றும் கேளுங்கள். ஒன்றோ இரண்டோ இயங்கும்போது அளந்ததைத்தான் பலர் எழுதுகிறார்கள்.

இரண்டு, வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வலு வேண்டும். 50க்கும் 60க்கும் இடையில் வித்தியாசம் தேடிக் காசைக் கொட்ட வேண்டாம். சாதாரண ஹோலுக்கு ஒரு பக்கத்துக்கு உண்மையான 20, 30 வாட்ஸ் போதும். மிச்சக் காசை நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

மூன்று, ஸ்பீக்கரின் ஓம் ரிசீவர் ஏற்கும் அளவுக்குக் குறையக் கூடாது. 8 ஓமுக்கு மட்டும் செய்த ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் சூடேறும், எரியவும் கூடும்.

நான்கு, ஜப்பானில் இருந்து வரும் பாவித்த ரிசீவர்கள் தரமானவைதான். ஆனால் அவை 100 வோல்ட். டிரான்ஸ்போமர் இல்லாமல் குத்த வேண்டாம். பழையவற்றின் எஃப்.எம். 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். அதற்கு மேலுள்ள நம் அலைவரிசைகள் கிடைக்காது.

ஐந்து, கடைக்காரர் போடும் பாட்டில் மயங்க வேண்டாம். போனில் ஒரு செய்தி அறிக்கையைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். சொல் விளங்கினால்தான் செட் நல்லது.

நாங்கள் அந்தப் புது செட்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அது இப்போது அலுமாரிக்கு மேலே. தம்பி வெயிலில் நின்று உழைத்த காசு என்று நினைக்கும்போது மனம் சுடுகிறது. பிறகு பாவித்த சிறிய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு 25 வாட்ஸ். உம்மம்மா இப்போது, "கொஞ்சம் கொறச்சி வை மகன்" என்கிறார்.

உங்கள் வீட்டில் மூத்தாப்பா காலத்து ரேடியோ இருந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.