வக்கீலும் சஃபீரும்

பூந்தமல்லி நீதிமன்ற வாயிலில் வழக்குக்காகக் காத்திருக்கும் எவரும், ‘வக்கீல் வந்துவிட்டாரா?’ என்றே வினவுகின்றார். தாம் மொழிவது அரபுச் சொல் என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் இல்லங்களிலோ அச்சொல் இன்னும் நெருக்கமானது. நிக்காஹ் நாளில் சாட்சிகளுடன் மணமகளிடம் சென்று, அவளது சம்மதத்தைப் பெற்றுவந்து சபையில் உரைப்பவரும் வக்கீலே. ‘பொறுப்பை ஒப்படைத்தல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. இன்று அரபியர் நாட்டுத் தூதரைச் ‘சஃபீர்’ என்பர். ஆனால் முகலாயர் காலத்து இந்தியாவில், ஓர் அரசர் மற்றோர் அரசரின் தர்பாருக்கு அனுப்பிய பிரதிநிதிக்கும் வக்கீல் என்றே பெயர். வழக்காடுவோரும் தூது செல்வோரும் அன்று ஒரே சொல்லில் அடங்கினர்.

அச்சொல்லின் இரு பொருளையும் தம் வாழ்வில் நிறைவேற்றியவர் மர்ஹூம் பாரிஸ்டர் ஆசஃப் அலி. 1888-இல் பிறந்த அவர், தில்லி செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பயின்று, லண்டன் சென்று பாரிஸ்டரானார். 1914-இல் தாயகம் திரும்பி விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, பன்முறை சிறை புகுந்தார்.

1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் மத்திய சட்டசபையில் குண்டு வீசினர். தத்துக்காக வழக்காட முன்வந்தார் ஆசஃப் அலி. அவரோ அஹிம்சையை நெறியாகக் கொண்ட காங்கிரஸைச் சேர்ந்தவர். எனினும் ஜூன் 6 அன்று அவ்விருவரின் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவரே வாசித்தளித்தார். அவர்தம் பாதை வேறு. ஆயினும் அவர்தம் சொல்லைச் சபையேற்றுவது தம் கடமை என அவர் கருதினார் போலும்.

1942 ஆகஸ்டில் கைதாகி, நேரு, ஆஸாத் முதலிய தலைவர்களுடன் அஹ்மத்நகர் கோட்டையில் அடைபட்டார். 1945-இல் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், ஸஹ்கல், தில்லான் ஆகிய மூவர்மீது வழக்கு நடந்தபோது, அவர்களுக்காக வாதாடிய பாதுகாப்புக் குழுவின் அமைப்பாளர் அவரே. மலேயாவிலும் பர்மாவிலுமிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் மிகப் பலர் என்பதால், அவ்வழக்கு நமக்கும் உரியதாயிற்று.

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் ரயில்வே, போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றார். 1947 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கு இந்தியாவின் முதல் தூதராகச் சென்றார். விடுதலைக்கு இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. தில்லியில் வைஸ்ராய் ஆட்சி ஓயவில்லை. முழுமையாகப் பிறவாத நாட்டுக்கு வக்காலத்து வாங்கியவர் அவர். அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் பலஸ்தீனம் குறித்துக் கூடிய ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புக் கூட்டத்திலும் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார்.

பின்னர் வந்தது கடும் சோதனை. ஆகஸ்டில் நாடு பிளவுண்டது. செப்டம்பரில், அவர் வாழ்ந்து தொழில் புரிந்த தில்லியின் தெருக்களிலேயே முஸ்லிம்களின் இரத்தம் சிந்தப்பட்டது. அந்நாட்களில் அவர் வாஷிங்டனில் இந்தியாவின் குரலாக நின்றார். வெற்றி பெறும் கட்சிக்காரருக்காக நிற்பது எவர்க்கும் எளிது. தம் இல்லத்தார் அஞ்சி நடுங்கும் வேளையிலும் ஏற்ற அமானிதத்தைக் கைவிடாது நிற்பதன்றோ அரிது! 1948 ஏப்ரல் வரை அவர் அப்பதவியில் இருந்தார்.

அதன்பின் ஒரிஸாவின் ஆளுநரானார். அடுத்து ஸ்விட்சர்லாந்தில் இந்தியாவின் பிரதிநிதியாகப் பணியாற்றுகையில், 1953 ஏப்ரலில் பெர்ன் நகரில் மறைந்தார். பழைய தில்லிக்கும் புது தில்லிக்கும் இடையே ஓடும் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நம் பிள்ளைகள் பலர் இன்று கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் செல்கின்றனர். வருமானத்தையும் புகழையும் குறித்து அவர்களுக்குச் சொல்லப் பலர் உள்ளனர். நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. மணமகளின் சம்மதத்தைச் சுமந்துவரும் வக்கீல் அதில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நீதிமன்ற வக்கீலுக்கும் நாட்டின் சஃபீருக்கும் அதுவே இலக்கணம்.