சிபியு–ஜிபியு ஒப்பீட்டுச் சோதனை

ஒரே சிமுலேஷனை சிபியுவிலும் ஜிபியுவிலும் ஓட்டி, கிடைக்கும் எண்கள் ஏற்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது சிபியு–ஜிபியு ஒப்பீட்டுச் சோதனை. மெதுவாக ஓடினாலும் நம்பகமான சிபியு நிரலே இதில் உரைகல். வேகமான ஜிபியு நிரலை அதில் உரசிப் பார்க்கிறார்கள்.

இரண்டு விடைகளும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருப்பது அரிது. அதனாலேயே ஏதோ ஒன்று தவறு என்று ஆகிவிடாது. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணுக்கு 24 பிட் துல்லியம்தான். 1,67,77,216 உடன் 1 கூட்டினால் அதே எண்தான் வரும். இன்னொரு 1 கூட்டினாலும் நகராது. அந்த இரண்டு 1களையும் முதலில் கூட்டிக்கொண்டு சேர்த்தால் 1,67,77,218 கிடைக்கும். கூட்டும் வரிசைதான் விடையைத் தீர்மானிக்கிறது. ஜிபியுவிலோ ஆயிரக்கணக்கான இழைகள் பகுதி பகுதியாகக் கூட்டுகின்றன. எந்த இழை முந்தும் என்பது உறுதியில்லாத நிரலில், ஒரே ஜிபியுவில் இரண்டு முறை ஓட்டினாலே விடை மாறலாம். பெருக்கிக் கூட்டிவிட்டு ஒரே முறை மட்டும் முழுமையாக்கும் கட்டளையும் உண்டு. மிதவைப் புள்ளிக் கணக்கீட்டுக்கான ஐஇஇஇ 754 தரத்தில் அது 2008இல் இடம்பெற்றது. ஒரு பக்கம் அது பயன்பட்டு மறுபக்கம் பயன்படாவிட்டாலும் கடைசி இலக்கம் பிசகும்.

இந்தப் பிசகு வளரக்கூடியது. 1961இல் வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் தம் வானிலை மாதிரியை மீண்டும் ஓட்டியபோது 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சற்று நேரத்தில் முந்தைய ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. ஆகவே மூலக்கூறு சிமுலேஷனில் லட்சக்கணக்கான படிகளுக்குப் பின் அணுக்களின் இருப்பிடத்தை ஒப்பிடுவது வீண்வேலை. ஒரே தொடக்க நிலையில் ஒரு படிக்கான விசைகளை ஒப்பிடுவதே முறை. மூலக்கூறு இயக்கவியல் மென்பொருளான ஓப்பன்எம்எம்மின் நிறுவல் சோதனை இதைத்தான் செய்கிறது: கணினியில் உள்ள ஒவ்வொரு தளத்திலும் விசைகளைக் கணக்கிட்டு, இரண்டிரண்டு தளங்களுக்கு இடையிலான வேறுபாட்டின் இடைநிலை மதிப்பைக் காட்டும். நீண்ட ஓட்டங்களில் மொத்த ஆற்றல் நிலையாக இருக்கிறதா, சராசரிகள் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

சோதனை தோற்றதும் ஏற்கத்தக்க வேறுபாட்டின் வரம்பைத் தளர்த்தி ஒப்பேற்றுவது பெருந்தவறு. முதலில் இரு பக்கத்தையும் 64 பிட்டுக்கு மாற்றி ஓட்ட வேண்டும். முழுமையாக்கலால் வந்த விலகல் கோடிக்கணக்கான மடங்கு சுருங்கிவிடும். நிரல் பிழை அசையாமல் நிற்கும். விசை பூச்சியத்தை நெருங்கும் இடங்களில் விகித வேறுபாடு காரணமின்றி ஊதிப்பெருகும் என்பதால், அங்கே விகிதத்துக்கு அல்லாமல் வேறுபாட்டின் அளவுக்கே ஒரு வரம்பும் தேவை.

எளிதில் கண்ணில் படாத ஓட்டை ஒன்றும் உண்டு. ஜிபியு ‘எண் அல்ல’ என்ற மதிப்பைத் தந்தால், வேறுபாடும் அதுவே ஆகிவிடும்; அதை எதோடு வைத்து ‘பெரியதா’ என்று கேட்டாலும் பதில் ‘இல்லை’தான். ‘வேறுபாடு வரம்பைவிடப் பெரிதானால் தோல்வி’ என்று எழுதிய சோதனை, விடை முழுதும் நாசமாகியிருந்தாலும் வெற்றி என்றே சொல்லும். ‘வேறுபாடு வரம்புக்குள் இருந்தால் மட்டுமே வெற்றி’ என்று எழுத வேண்டும்.