குடிக்கிறது ஒருத்தர்... தூக்கம் போறது வீட்ல எல்லாருக்கும்!

ராத்திரி ஒன்பதே முக்கால். தெருமுனையில் பைக் திரும்பும் சத்தம். கை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தாலும் உங்கள் காது வாசலில்தான் இருக்கிறது. வண்டி நேராக வந்து நிற்கிறதா, நடுவில் ஒருமுறை ஆஃப் ஆகிறதா? ஸ்டாண்ட் போட எத்தனை முறை முயற்சி செய்கிறார்? செருப்பைக் கழற்ற எவ்வளவு நேரம்? கதவு திறப்பதற்கு முன்பே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பார். தம்பி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ரூமுக்குப் போய்விடுவான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'அட, எங்க வீடு மாதிரியே இருக்கே'னு தோணுச்சுன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். குடிக்கிறவரின் கல்லீரலைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்காங்க. இங்கே பேசப்போவது, அவரைச் சுற்றி இருக்கிறவங்களைப் பற்றி.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி பேர். அதில் சுமார் 5.7 கோடி பேர், குடியால் வரும் பிரச்னைக்கு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள். ஒரு வீட்டுக்கு மூணு பேர்னு வச்சு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கோங்க. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மீதி 37 பேருக்கும் வீடுதான் மருத்துவமனை. வீட்டு ஆட்களே நர்ஸ், வாட்ச்மேன், சமயத்தில் ஆம்புலன்ஸ்!

'அவருக்கு ஃபீவர் சார்...'

காலையில் எழ முடியாதவருக்காக ஆபீஸுக்கு போன் போட்டு 'ஃபீவர் சார்'னு சொல்வது யார்? பெரும்பாலும் மனைவி. சொந்தக்காரர் கல்யாணத்தில் 'அவர் ஊர்ல இல்லை' என்று சமாளிப்பதும், வாந்தியைக் கழுவிவிடுவதும், அண்ணாச்சி கடைப் பாக்கியை மகளிர் குழு லோனில் அடைப்பதும் அவர்தான். பாசத்தில், பயத்தில், மானம் போகக் கூடாது என்று செய்கிறார். ஆனால், இதன் விளைவு என்ன தெரியுமா? குடிச்சதுக்கான பலன் குடிச்சவரிடம் போய்ச் சேருவதே இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் வீடு சுத்தமாக இருக்கிறது, வேலையும் போகவில்லை. அப்புறம் அவருக்கு என்ன பிரச்னை தெரியப்போகிறது?

இதைச் சொல்லும்போது ரொம்ப ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன்னா, 'பொண்டாட்டி சரியில்லை, அதான் குடிக்கிறான்' என்று அந்தப் பெண்ணின் தலையிலேயே பழியைப் போட ஊரே தயாராக இருக்கும். யாரும் இன்னொருவர் வாயில் ஊற்றுவதில்லை. சமாளிப்பு வேறு, காரணம் வேறு.

பணம் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. முதலில் சேமிப்பு, அப்புறம் சீட்டுப் பணம், அப்புறம் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும். உங்கள் காலேஜ் ஃபீஸ் கடைசி தேதி தாண்டும்போதுதான் அது உங்களுக்கே தெரியவரும்.

பொறுப்பான அக்கா, பேசாத தம்பி

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேடத்தைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அமெரிக்காவின் குடும்பநல ஆலோசகர் ஷாரன் வெக்‌ஷைடர் எழுதினார். ஒரு பிள்ளை எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கி வீட்டு மானத்தைக் காப்பாற்றும். இன்னொன்று ஸ்கூலில் அடிதடி செய்து எல்லார் கோபத்தையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். ஒன்று இருக்கிற இடமே தெரியாது. ஒன்று ஜோக் அடித்தே நிலைமையைச் சமாளிக்கும். இது ஒண்ணும் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இல்லை. எல்லாப் பிள்ளையும் இந்த நாலு கட்டத்துக்குள் அடங்காது. ஆனாலும், நம் வீடுகளில் 'வயசுக்கு மீறின பொறுப்பு' என்று பாராட்டு வாங்கும் அக்காக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, அப்பாவின் ஏடிஎம் பின் என்ன என்று தெரிந்திருப்பது பெருமைப்படும் விஷயமா என்ன?

குடிக்கிறவர்களின் பிள்ளைகளைப் பற்றி 1981-ல் புத்தகம் எழுதிய க்ளாடியா பிளாக், அந்த வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்று சட்டங்கள் இருப்பதாகக் குறிப்பிட்டார். வெளியே பேசக் கூடாது, யாரையும் நம்பக் கூடாது, எதையும் உணரக் கூடாது. சின்ன வயதில் இது தப்பிக்க உதவுகிறது. 25 வயதில், நல்ல பார்ட்னர் ஒருத்தர் கிடைத்த பிறகும் அவர் போனை எடுக்கவில்லை என்றால் வயிறு கலங்குவதும், யாராவது குரலை உயர்த்தினால் உடம்பு உறைந்துபோவதும் இதே சட்டங்களின் மிச்சம்தான்.

உடம்பும் கணக்கு வைத்துக்கொள்கிறது. சிறுவயதின் கசப்பான அனுபவங்கள் பற்றி அமெரிக்காவில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், குடிப் பிரச்னை உள்ளவரோடு ஒரே வீட்டில் வளர்வதும் ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டது. இப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் இதய நோய், மனச்சோர்வு, குடி ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடியது. குடிக்கு அடிமையாவதற்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருவது. அப்பா குடிப்பவர் என்றால், 'ஃப்ரெண்ட்ஸோட சும்மா ஒரு பீர்' என்பது உங்களுக்கும் பக்கத்து சீட் நண்பனுக்கும் ஒரே ரிஸ்க் இல்லை.

சோத்துல பவுடர் கலக்கலாமா?

கலக்கவே கூடாது. 'அவருக்குத் தெரியாம சாம்பார்ல போட்டுடுங்க, பத்தே நாள்ல விட்டுடுவார்' என்று விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிடுபவர் மது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அதனால்தான் அதை நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு டாக்டர்கள் தருகிறார்கள்.

இன்னொரு தப்பு, ரூமில் போட்டுப் பூட்டுவது. வருஷக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரேநாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, அதிகக் காய்ச்சல் என்று உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகலாம். 'சபரிமலைக்கு மாலை போட்டுட்டார், இனி தொடமாட்டார்' என்று சந்தோஷப்படும் வீட்டிலும் இந்த நடுக்கத்தைக் கவனியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

சரி, அவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கவைப்பது எப்படி? எல்லாரும் சேர்ந்து உட்காரவைத்து முகத்துக்கு நேரே கேட்டால் திருந்துவார் என்பது சினிமா நம்பிக்கை. அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த முறைக்கு ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் 30 சதவிகிதம் பேரின் ஆட்கள் மட்டுமே சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தினருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்த 'கிராஃப்ட்' முறையில் அது 64 சதவிகிதம். அதில் சொல்லித்தருவது ரொம்ப எளிமையானது. குடிக்காத நேரத்தில் அவரோடு நல்லபடியாக இருங்கள், குடித்திருக்கும்போது விலகிவிடுங்கள், அவர் செய்த குழப்பத்தை நீங்கள் சரிசெய்யாதீர்கள், அவரே வருத்தப்படும் ஒரு காலையில், கையில் ஆஸ்பத்திரி விவரத்தோடு பேசுங்கள். அடிக்கிற ஆளிடம் இதையெல்லாம் பரிசோதிக்க வேண்டாம். அங்கே முதல் வேலை பாதுகாப்புதான்.

அடி மட்டும்தான் வன்முறை என்றும் நினைக்காதீர்கள். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும், மனைவியின் சீதன நகையை விற்பதும் பொருளாதார வன்முறை. மனைவி மட்டுமல்ல, அதே வீட்டில் வசிக்கும் அம்மா, சகோதரிகூட புகார் கொடுக்கலாம். வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவும் வாங்கலாம். பெண்களுக்கு 181, 18 வயதுக்குக் கீழே இருந்தால் 1098.

ஷூ எறிந்த மனைவி

குடியை விட்டதும் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் 1935-ல் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் மனைவி லோயிஸ் பல வருஷம் அவர் குடியோடு போராடியவர். அவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்குக் கிளம்பச் சொல்லிக் கூப்பிட்டபோது கோபத்தில் ஷூவைத் தூக்கி எறிந்தார். கணவர் குணமாகிவிட்டார், தனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்த அந்தப் பெண்தான், 1951-ல் குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக 'அல்-அனான்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் கூட்டங்கள் இப்போது தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையிலும் நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு.

அதனால், அவர் வருவாரா மாட்டாரா என்று காத்திருக்காமல் நீங்கள் முதலில் போகலாம். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, குடும்பத்தினரும் பேசலாம். தூக்கமில்லை, படபடப்பு, செத்துப்போகலாம்னு தோணுது என்றால் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில்.

வீட்டில் சின்னத் தம்பி, தங்கச்சி இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். 'அப்பாவுக்குத் தலைவலிடா'னு சொல்லாதீர்கள். அவனுக்கு உண்மை தெரியும், நீங்களும் மறைக்கிறீர்கள் என்பதுதான் புதிதாகத் தெரியும். மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், 'அப்பாவுக்குக் குடிநோய். நீ ரேங்க் கம்மியா வாங்குனதால அவர் குடிக்கலை. சண்டை வந்தா நடுவுல போகாத, பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட போயிடு, நான் சொல்லி வச்சிருக்கேன்' என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், ஆன்ட்டியிடம் நிஜமாகவே சொல்லி வைத்துவிடுங்கள்.