வரைபடம் பேசாது, நாம்தான் கேட்கணும்: 1854 லண்டன் காலராவும் இன்றைய ஏஐ ஏஜென்ட்டும்

1/
இன்றைக்குக் கொஞ்சம் நீளமான இழை. ஒரு மயக்கவியல் மருத்துவரின் கதை. ஆனால் முடியும் இடம் ஏஐ. பொறுமையாகப் படிங்க, சம்பந்தம் இருக்கு.

2/
அவர் பெயர் ஜான் ஸ்னோ. 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு வரைபடத்துக்காக.

3/
1854 ஆகஸ்ட் 31. லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடிக்கிறது. மொத்தம் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்பது அந்தக் காலத்துப் பெரும்பாலான மருத்துவர்களின் நம்பிக்கை. "இல்லை, தண்ணீர்" என்றார் ஸ்னோ. செப்டம்பர் 8-ம் தேதி பிராட் தெருவில் இருந்த அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

4/
தெரியாத பகுதி இது. அந்த இறப்புகளை வரைபடத்தில் குறித்தவர் ஸ்னோ மட்டும் இல்லை. சாக்கடை ஆணையத்தின் பொறியாளர் எட்மண்ட் கூப்பரும் வரைந்தார். சாக்கடை மீது தப்பில்லை என்று முடித்தார். சுகாதார வாரியத்தின் அறிவியல் குழுவும் வரைந்தது. காற்றுதான் காரணம் என்று சொல்லி, ஸ்னோவின் கருத்தை நிராகரித்தது.

அதே தெரு, அதே இறப்புகள். மூன்று முடிவுகள்!

5/
அப்போ ஸ்னோ வித்தியாசமாக என்ன செய்தார்? புள்ளிகள் குவிந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. கணக்கில் ஒத்துவராத ஆட்களைத் தேடிப் போனார்.

பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஏழைகள் விடுதி. 535 பேர் இருந்தார்கள், காலராவில் இறந்தது 5 பேர்தான். ஏன்? அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அருகில் ஒரு பீர் ஆலை. எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகளில் ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். தூரத்து ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு அம்மா இறந்தார். அங்கே காலராவே இல்லை. விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரை ருசிக்காகத் தினமும் வரவழைத்துக் குடித்தவர்.

6/
ஆனாலும் இங்கே ஒரு பொறி இருக்கு. கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் குறைய ஆரம்பித்திருந்தது. பலர் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். "கழற்றினோம், நின்றது" என்பது நிரூபணம் ஆகாது. ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். மாத்திரை போட்ட மறுநாள் காய்ச்சல் விட்டால், மாத்திரையால்தான் விட்டது என்று சொல்ல முடியாது இல்லையா? அதே கதை.

7/
அவருடைய உண்மையான வலுவான ஆதாரம் தென் லண்டனில் இருந்தது. அங்கே இரண்டு தண்ணீர் கம்பெனிகள், ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குக் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-ல் தேம்ஸ் நதியின் மேல்பகுதிக்கு மாறிவிட்டது. சவுத்வார்க் அண்டு வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரக் கழிவு கலந்த பகுதியிலேயே தண்ணீர் எடுத்தது. ஒரே காற்று, ஒரே தெரு. தண்ணீர் மட்டும் வேறு.

8/
முடிவு, முதல் ஏழு வாரங்களில்:
சவுத்வார்க் அண்டு வாக்ஸ்ஹால்: 40,046 வீடுகள், 1,263 இறப்புகள். 10,000 வீடுகளுக்கு 315.
லாம்பெத்: 26,107 வீடுகள், 98 இறப்புகள். 10,000 வீடுகளுக்கு 37.

எட்டு மடங்குக்கு மேல். இதுதாங்க ஒப்பீட்டின் பலம்.

9/
இன்னொரு நுணுக்கம். தங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்று பல குடித்தனக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஸ்னோ அவர்கள் வாய்வார்த்தையை நம்பி நிற்கவில்லை. தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டு உப்பின் அளவைப் பார்த்தார். ஒரு கம்பெனித் தண்ணீரில் மற்றதைவிட ஏறத்தாழ 40 மடங்கு உப்பு. சந்தேகம் தீர்ந்தது.

10/
இப்போ 2005-க்கு வருவோம். கூகுள் மேப்ஸ் வந்தது. 2011-ல் லீஃப்லெட் என்ற இலவச மென்பொருள் வந்து, யார் வேண்டுமானாலும் தங்கள் இணையதளத்தில் நகர்த்திப் பார்க்கும் வரைபடம் வைக்கலாம் என்றாகிவிட்டது. 2020 ஜனவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வெளியிட்ட கோவிட் வரைபடத்தை நாம் எல்லோரும் பயத்தோடு பார்த்தோமே, அதுவும் இந்த வகைதான்.

11/
இன்று இந்த வரைபடங்களை நமக்குப் பதிலாக ஏஐ ஏஜென்ட்டுகள் திறந்து பார்க்கின்றன. ஏஜென்ட் என்றால், நாம் சொன்ன வேலைக்காகத் தானே இணையதளத்தில் கிளிக் செய்து, தேடி, பதில் கொண்டுவரும் மென்பொருள்.

வரைபடம் அதற்குச் சிரமம். சாதாரணப் பக்கத்தில் எழுத்தும் பட்டனும் நிரலில் தனித்தனியாகத் தெரியும். பல வரைபடங்களோ வெறும் ஓவியமாகத் திரையில் தீட்டப்படுகின்றன. பெரிதாக்காவிட்டால், பல புள்ளிகள் ஒரே வட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். படம் முழுசாக இறங்கும் முன்பே ஏஜென்ட் "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடலாம்.

12/
ஒரு உதாரணம். லீஃப்லெட்டில் அட்சரேகையை முதலில் எழுதணும். ஜியோஜேசன் என்ற கோப்பு வகையில் தீர்க்கரேகைதான் முதலில். பிராட் தெரு பம்பு இருப்பது வடக்கே 51.51, மேற்கே 0.14 பாகையில். வரிசை மாறினால் அந்தப் பம்பு சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும்! பிழைச் செய்தி எதுவும் வராது. படம் அழகாகத்தான் இருக்கும்.

13/
அதனால் ஏஜென்ட்டுக்கு வழிமுறைக் குறிப்பு எழுதித் தருகிறார்கள். "படம் இறங்கும் வரை காத்திரு, பெரிதாக்கிப் பார், ரேகை வரிசையைச் சரிபார்" என்று. நல்லது. ஆனால் அந்தக் குறிப்பு நிஜமாகவே உதவுகிறதா? ஸ்னோவிடம் கேட்போம்.

14/
ஒன்று, ஒப்பீடு. அதே ஏஜென்ட், அதே வேலைகள், குறிப்போடு ஒரு முறை, குறிப்பு இல்லாமல் ஒரு முறை. "பத்தில் ஒன்பது சரி" என்று யாராவது சொன்னால், குறிப்பு இல்லாமல் எத்தனை என்று கேளுங்க. அதுவும் ஒன்பது என்றால் அந்தக் குறிப்பு வெறும் சத்து மாத்திரைதான்.

இரண்டு, சில்வர் நைட்ரேட். "முடிச்சிட்டேன்" என்று ஏஜென்ட் சொல்வது வாய்வார்த்தை. வரைபடத்தின் மையம் எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது, எந்த அடுக்கு தெரிகிறது என்று தனியாக அளந்து பார்க்கணும்.

மூன்று, கைப்பிடிப் பொறி. குறிப்பு கொடுத்த அதே வாரம் இணையதளமோ ஏஐ மாடலோ மாறியிருக்கலாம். இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில், பல முறை ஓட்டிப் பார்க்கணும். ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

நான்கு, பீர் ஆலை. பதிலே இல்லாத கேள்வியையும் கொடுக்கணும். இல்லாத இடத்தை "இல்லை" என்று சொல்கிறதா, புள்ளியைக் கற்பனை செய்கிறதா? குறிப்பு எழுதும்போது பார்க்காத புது வரைபடங்களிலும் சோதிக்கணும்.

15/
இது பொறியாளர்களின் தலைவலிதானே என்று நினைக்க வேண்டாம். எந்தத் தெருவில் டெங்கு அதிகம், எந்த மருத்துவமனை பக்கத்தில், வெள்ளத்தில் எந்தச் சாலை திறந்திருக்கு என்று நாளைக்கு நீங்கள் கேட்கப் போவது இந்த ஏஜென்ட்டிடம்தான். ஆம்புலன்ஸ் போகும் நேரத்தில், அழகான தப்பு வரைபடம் ஆளையே கொல்லும்.

16/
ஸ்னோ 1858-ல், 45 வயதில் இறந்தார். அவர் சொன்னது அப்போதும் பரவலாக ஏற்கப்படவில்லை. 1866-ல் கிழக்கு லண்டனில் மீண்டும் காலரா, ஐயாயிரத்துக்கும் மேல் இறப்புகள். காற்றை நம்பிய புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், அப்போதுதான் தண்ணீர் கம்பெனியைக் கைகாட்டினார். ஒப்பீட்டு எண்கள் அச்சாகிப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன.

17/
ஆகவே மக்களே, "எங்கள் ஏஐ வரைபடம் படிக்கும்" என்று யார் சொன்னாலும் இரண்டே கேள்வி கேளுங்க. எதோடு ஒப்பிட்டீங்க? எப்படிச் சரிபார்த்தீங்க? பதில் இல்லை என்றால், அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.