கொள்கலன்களும் கோப்பு அனுமதியும்: ஓர் எண்ணின் வரலாறு

கொள்கலன் (கண்டெய்னர்) என்பது ஒரு மென்பொருளை, அதற்குத் தேவையான கோப்புகளோடு சேர்த்து, கணினியின் பிற பகுதிகளிலிருந்து பிரித்து இயக்கும் முறையாகும். கொள்கலனுக்குள் உருவான கோப்பை அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியில் திருத்த முயன்றால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வருவதுண்டு. இத்துறையில் நுழையும் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் இச்சிக்கலின் வேர், யூனிக்ஸ் தோன்றிய காலத்திலேயே இருக்கிறது.

எண்ணே உரிமையாளர்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. கோப்பின் உரிமையாளரையும் அனுமதியையும் மாற்றும் கட்டளைகள் அதிலேயே இருந்தன. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கோப்போடு பதிவாவது உரிமையாளரின் பெயர் அன்று. அவருக்குரிய எண் மட்டுமே. பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில் உள்ளது. எண் 0 ‘ரூட்’ எனும் தலைமைப் பயனருக்கு உரியது.

தருமபுரி மாவட்டத்தின் நிலப் பதிவுகளை இதற்கு ஒப்பிடலாம். அரூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலும் பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றிலும் புல எண் 12 இருக்கலாம். கிராமத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எந்த நிலம் என்று தெரியாது. கணினி ஒன்றாகவும் பயனர் பட்டியல் ஒன்றாகவும் இருந்தவரை, இந்த ஐயம் எழவில்லை.

எல்லைகள் தோன்றுதல்

1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘சிஎச்ரூட்’ அழைப்பு இடம்பெற்றது. ஒரு நிரலின் கண்ணுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டும் வசதி அது. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 ‘ஜெயில்’ என்னும் வலுவான பிரிப்பைத் தந்தது. 2002 முதல் லினக்ஸில் ‘பெயர்வெளி’கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பயனர் எண்களுக்கும் எல்லை வகுக்கும் பயனர் பெயர்வெளி, 2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8-இல் முழுமை பெற்றது.

அடுத்த மாதமே டாக்கர் பொதுவெளியில் அறிமுகமானது. ஆனால் அது பயனர் பெயர்வெளியைத் தன் இயல்பு அமைப்பாகக் கொள்ளவில்லை. எனவே கொள்கலனுக்குள் இருக்கும் எண் 0, வெளியிலும் அதே 0 ஆகவே நின்றது.

சிக்கலின் வடிவம்

ஹோஸ்டின் அடைவு ஒன்றைக் கொள்கலனோடு பகிரும்போது இது வெளிப்படுகிறது. உள்ளே ரூட் எழுதிய கோப்பு வெளியிலும் ரூட்டுக்கே உரியது. 1000 என்ற எண்ணுடைய சாதாரணப் பயனரால் அதைத் திருத்த இயலாது. டெபியன் சார்ந்த போஸ்ட்கிரெஸ் கொள்கலனின் தரவு அடைவு, வெளியிலிருந்து பார்த்தால் 999 என்ற எண்ணுக்கு உரியதாகத் தெரியும்.

பலரும் உடனே கையாளும் மருந்து, அனுமதியை 777 என மாற்றுவது. இதனால் அக்கணினியின் எந்தப் பயனரும் அக்கோப்பில் எழுதலாம் என்றாகிறது. உரிமையாளர் மாறுவதில்லை, அடுத்து உருவாகும் கோப்பும் ரூட்டின் பெயரிலேயே பிறக்கிறது. காப்பு போகிறது, சிக்கல் நிற்கிறது.

தீர்வுகளின் வளர்ச்சி

எளிய தீர்வு, கொள்கலனை இயக்கும்போதே ஹோஸ்ட் பயனரின் எண்ணைக் கொடுப்பது. அப்போது புதிய கோப்புகள் அவர் பெயரிலேயே உருவாகும்.

2016-இல் வந்த டாக்கர் 1.10, உள் எண்களை வேறு வெளி எண்களாக மாற்றிக் காட்டும் வசதியைச் சேர்த்தது. ரூட் உரிமையின்றி டாக்கரையே இயக்கும் முறை 2019-இல் சோதனையாக வந்து, 2020 டிசம்பரில் 20.10 பதிப்பில் நிலைபெற்றது. இம்முறையில் உள்ளிருக்கும் 0, வெளியே அதை இயக்கும் பயனரின் எண்ணாகிறது. அவருக்கு ஒதுக்கிய துணை எண்கள் 100000-இல் தொடங்கினால், உள்ளிருக்கும் 1000 வெளியே 100999 ஆகும். பாதுகாப்பு கூடியது, ஆயினும் பகிர்ந்த அடைவுகளில் புதிய குழப்பமும் வந்தது.

2021 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 5.12, வட்டில் பதிந்த உரிமையாளர் எண்ணைத் தொடாமல், அடைவை இணைக்கும் இடத்திலேயே எண்ணை மாற்றிக் காட்ட வழி செய்தது.

ஐம்பது ஆண்டு வரலாறு கற்பிப்பது ஒன்றே: அனுமதியை மாற்றுமுன், கோப்பின் உரிமையாளர் எண் எது, அது எந்த எல்லைக்குள் வழங்கும் எண் என்பதைப் பார்க்க வேண்டும். புல எண்ணைச் சொன்னவரிடம் நில அளவர் முதலில் கேட்பதும் கிராமத்தின் பெயரைத்தான்.